சரணமாக ஓடி வந்தோம்: மாதா பக்தி எங்கிருந்து வந்தது, ஏன் ஊருக்கு ஒரு முகம்

கேள்வி இதுதான்: பைபிளில் இயேசுவின் தாய் மரியாளைப் பற்றி வருவதையெல்லாம் சேர்த்தாலும் சில பக்கங்களுக்கு மேல் தேறாது. அப்புறம் எப்படி இத்தனை கோயில், இத்தனை ஓவியம், இத்தனை திருவிழா? பழைய பெண் தெய்வங்களுக்குப் பெயரை மாற்றி வைத்ததுதானா? ஒரே அம்மா என்றால் ஏன் ஊருக்கு ஒரு முகம்?

மூன்றுக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் மூன்றும் ஒரே முடிச்சுதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதா பக்தியை மேலே இருந்தவர்கள் கீழே இறக்கவில்லை. பெரும்பாலும் சனங்கள் முதலில் கும்பிட்டார்கள், மேற்றிராணிமாரும் (ஆயர்கள்) அவர்கள் கூடி முடிவெடுக்கும் சங்கங்களும் பிறகு அதற்கு வரம்பு கட்டினார்கள். ஓவியங்களையும் சுரூபங்களையும் (சிலைகளை) வரிசையாகப் பார்த்தாலே இது தெரியும்.

முதலில் பைபிள். பவுல் தன் கடிதங்களில் மரியாளின் பெயரைக்கூடச் சொல்வதில்லை, "பெண்ணிடம் பிறந்தவர்" என்று கலாத்தியருக்கு எழுதியதோடு சரி. சுவிசேஷம் எழுதியவர்களில் லூக்காதான் வானதூதர் வந்தது, எலிசபெத்தைப் பார்க்க மலைநாட்டுக்குப் போனது, வலியவர்களைச் சிம்மாசனத்திலிருந்து தள்ளித் தாழ்ந்தவர்களை உயர்த்தும் அந்தப் பாட்டு எல்லாவற்றையும் தருகிறார். யோவான் சுவிசேஷத்தில் கானாவூர்க் கல்யாணத்தில் திராட்சரசம் தீர்ந்துபோனதைக் கவனிப்பதும் அவர்தான், சிலுவையடியில் நிற்பதும் அவர்தான். அப்போஸ்தலர் பணி என்ற நூலில் மேல்மாடி அறையில் சீடர்களோடு இருக்கிறார். அவ்வளவுதான், அதன்பின் ஒரு வார்த்தை இல்லை. அவருடைய அம்மா அப்பா பெயர் என்ன, எப்படி வளர்ந்தார், எப்படி இறந்தார் என்று சனங்கள் கேட்காமல் இருப்பார்களா? இரண்டாம் நூற்றாண்டிலேயே யாக்கோபின் பெயரில் ஒரு நூல் சுற்ற ஆரம்பித்துவிட்டது. நம்மூரில் சுவக்கீன், அன்னம்மாள் என்று சொல்கிறோமே, அந்தப் பெயர்கள் அதிலிருந்து வருபவை. தேவாலயத்தின் திரைக்காகச் சிறுமி மரியாள் ஊதா நூல் நூற்றாள் என்பதும் அதில்தான் இருக்கிறது. திருச்சபை அந்த நூலை பைபிளில் சேர்க்கவில்லை. ஆனால் ஓவியர்கள் அதை விடவே இல்லை.

ரோமில் பிரிஸ்கில்லா நிலவறைக் கல்லறையில் ஒரு சின்னச் சுவரோவியம் உண்டு. மூன்றாம் நூற்றாண்டுக்கு உரியது என்று பலர் கணிக்கிறார்கள். தலை லேசாகக் குனிந்த ஒரு பெண், மார்போடு ஒட்டிய குழந்தை, பக்கத்தில் ஒருவர் நட்சத்திரத்தைக் கைகாட்டுகிறார். கிரீடமில்லை, சிம்மாசனமில்லை. செத்தவர்களைப் புதைத்த இடத்தில் யாரோ இதை வரைய வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள், அதுவே எனக்கு நிறையச் சொல்கிறது.

இன்னொன்று ஒரு ஜெபம். எங்கள் வீட்டில் பாட்டி ராத்திரி ஜெபமாலை முடித்து மாதா பிரார்த்தனை சொல்வார், "ஞானம் நிறைந்த ரோசா புஷ்பமே", "தந்தமயமான உப்பரிகையே", "விடியற்காலத்தின் நட்சத்திரமே" என்று ஒவ்வொன்றாக வர, தூக்கக் கலக்கத்தில் நாங்கள் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்போம், கடைசியில் அவர் மட்டும் தனிக்குரலில் "இதோ உம்முடைய சரணமாக ஓடி வந்தோம்" என்று தொடங்குவார். அது ஏதோ போர்ச்சுகீசியர் காலத்துச் சாமியார் எழுதியது என்றே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். எகிப்தில் கிடைத்து இப்போது மான்செஸ்டரில் இருக்கும் ஒரு பாப்பிரஸ் துண்டில் அதே ஜெபம் கிரேக்கத்தில் இருக்கிறது. அது மூன்றாம் நூற்றாண்டு என்பாரும் உண்டு, அதற்கு வெகு பிந்தியது என்பாரும் உண்டு. எப்படியானாலும் பாட்டி சொன்னது ஆயிரம் வருடத்துக்கு மேல் பழைய வாசகம். அந்தக் கிரேக்கத் துண்டில் மரியாளைக் கூப்பிடும் சொல் "தியோடோகோஸ்", கடவுளைப் பெற்றவர். நம் பழைய ஜெபத்தில் "சர்வேசுரனுடைய மாதாவே" என்று வருவது அந்தச் சொல்லின் வழியில்தான்.

இந்தச் சொல்லின் மேல்தான் 431-இல் எபேசு சங்கம் கூடியது. கான்ஸ்டான்டினோப்பிளின் பேராயராக 428-இல் வந்த நெஸ்தோரியுஸ், "கடவுளுக்கு எப்படித் தாய் இருக்க முடியும்? கிறிஸ்துவின் தாய் என்று சொல்லுங்கள்" என்றார். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் அப்படிச் சொன்னால் பிறந்த குழந்தை ஒருவர், கடவுள் வேறொருவர் என்று ஆகிவிடும் என்று அலெக்சாந்திரியாவின் சிரில் மறுத்தார். (இரண்டு பெரிய நகரங்களின் பதவிப் போட்டியும் இதற்குள் கலந்திருந்தது, சிரில் எதிர்த்தரப்பு ஆயர்கள் வந்து சேரும்வரைகூடக் காத்திருக்கவில்லை, அதையும் மறைக்க வேண்டாம்.) எனக்குப் பிடித்த காட்சி சங்கத்துக்கு வெளியே நடந்தது. சனங்கள் விடிகாலையிலிருந்து இருட்டும்வரை காத்திருந்தார்களாம். தீர்ப்பு வந்ததும் தீவட்டி ஏந்தி ஆயர்களை அவர்கள் தங்குமிடம் வரை கூட்டிப் போனார்கள், பெண்கள் சாம்பிராணிக் கலசத்தோடு முன்னால் நடந்தார்கள் என்று சிரிலே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்தச் சொல் அவர்களுக்குப் புதிதே அல்ல. 361 முதல் 363 வரை ஆண்ட பேரரசர் ஜூலியன், கிறிஸ்தவ மதத்தை விட்டு வெளியேறியவர், "நீங்கள் மரியாளை தியோடோகோஸ் என்று சொல்வதை நிறுத்துவதே இல்லை" என்று குறைபட்டிருக்கிறார். மாற்றுக்கருத்துக்காரரே அலுத்துக்கொள்ளும் அளவுக்கு வீதியில் புழங்கிய சொல்லைத்தான் சங்கம் எழுபது வருடம் கழித்து உறுதி செய்தது.

இந்த இடத்தில்தான் "எபேசு ஆர்த்தெமிஸ் தேவியின் ஊர் அல்லவா, பார்த்தீர்களா!" என்று சொல்வார்கள். ஊர் அதுதான். ஆனால் ஆர்த்தெமிஸின் பெருங்கோயிலை கோத்தியர் மூன்றாம் நூற்றாண்டிலேயே சூறையாடிவிட்டார்கள். சங்கம் கூடிய நேரத்தில் பழைய சிறப்பு எதுவும் அதற்கு மிச்சமில்லை. எகிப்தில் ஐசிஸ் மடியில் ஹோரஸ் பால் குடிக்கும் உருவமும், பிற்காலத்தில் அங்கே வரைந்த பாலூட்டும் மாதாவும் ஒரே சாயலில் இருப்பது உண்மைதான். பழைய மெட்டில் புதுப் பாட்டு கட்டுவது கலையில் எப்போதும் நடப்பது. மெட்டு ஒன்று என்பதற்காகப் பாட்டும் ஒன்று என்று ஆகிவிடாது. இன்னும் பலமான சான்று எபிபானியுஸ் என்ற ஆயர் நான்காம் நூற்றாண்டில் எழுதியது. அரேபியாவில் சில பெண்கள் மரியாளின் பெயரில் சின்ன அப்பங்களைப் படைத்துக் கும்பிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர் கடுமையாகக் கண்டித்தார்: மரியாளுக்கு மதிப்பு கொடுங்கள், ஆராதனை கடவுளுக்கு மட்டும் என்றார். ஆக, மேலே இருந்தவர்கள் ஒரு தேவியைத் திட்டமிட்டு உள்ளே கொண்டுவரவில்லை. கீழிருந்து பொங்கியதை அவர்கள் கரை கட்டித் தடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆராதனை வேறு, வணக்கம் வேறு என்று இன்றைக்கும் ஞானோபதேச வகுப்பில் சொல்லித் தருவது அந்தக் கரைதான்.

சரி, ஓவியத்துக்கு வருவோம். எபேசு முடிந்த கையோடு ரோமில் மூன்றாம் சிக்ஸ்துஸ் பாப்பரசர் மரியன்னை பேராலயத்தை எழுப்பி மொசைக்கால் நிரப்பினார். அங்கே வானதூதர் வந்து செய்தி சொல்லும் மங்கள வார்த்தைக் காட்சியில் மரியாள் பொன்னாடை, நகைகளோடு ஒரு ரோமானியச் சீமாட்டியாக உட்கார்ந்திருக்கிறார். கையில் என்ன தெரியுமா? ஊதா நூல். சங்கத்தின் தீர்ப்பைக் கொண்டாடும் கோயிலிலேயே, பைபிளில் சேர்க்காத அந்த மக்கள் கதை சுவரில் ஏறிவிட்டது.

இந்தக் கோயிலை நினைவில் வையுங்கள், தூத்துக்குடிக்குத் திரும்ப வருவோம்.

கிழக்கில் கதை வேறு திசையில் போனது. அங்கே ஐகான் என்ற புனிதப் படம் வெறும் அலங்காரப் படம் கிடையாது, அதன் வழியாக அந்த ஆளையே சந்திக்கிறோம் என்ற நம்பிக்கை. அதனால் ஒவ்வொரு கோடும் கணக்கு: தலையிலிருந்து இறங்கும் கருஞ்சிவப்பு முக்காடு, நெற்றியிலும் இரண்டு தோளிலும் கன்னிமையைச் சொல்லும் மூன்று நட்சத்திரம். குழந்தையைக் கையால் சுட்டிக்காட்டி "இவர்தான் வழி" என்று நிற்பது ஒரு வகை, கன்னத்தோடு கன்னம் சேர்த்துக் கொஞ்சுவது இன்னொரு வகை. இரண்டாவதில் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் விளாதிமிர் மாதாவைப் பாருங்கள், 12-ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்தில் (கிழக்கு ரோமப் பேரரசில்) வரைந்தது, இப்போது மாஸ்கோவில் இருக்கிறது. குழந்தை அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தையே பார்க்கிறது. அம்மாவோ குழந்தையைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறார். பிள்ளைக்கு என்ன நடக்கப் போகிறது என்று தெரிந்த பார்வை அது.

இதையெல்லாம் உடைத்து எரித்த காலமும் உண்டு. 8-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பைசாந்தியப் பேரரசர்களே படங்களுக்கு எதிராக இறங்கினார்கள், நூறு வருடத்துக்கு மேல், நடுவில் ஓர் இடைவெளியோடு, அது நீடித்தது. ஆறாம் நூற்றாண்டு மாதா ஐகான் ஒன்று, மெழுகில் நிறம் குழைத்துத் தீட்டியது, சீனாய் மலை மடத்தில் தப்பிப் பிழைத்திருக்கிறது. காரணம், அந்த இடம் அப்போது முஸ்லிம் ஆட்சியில் இருந்தது, பேரரசரின் கை அங்கே எட்டவில்லை. படங்களுக்காக வாதாடிய தமாஸ்கு யோவானும் அதே காரணத்தால்தான் பயமில்லாமல் எழுத முடிந்தது. அப்புறம், படங்களை மீட்டது யார்? 787-இல் ஐரீன், 843-இல் தியோடோரா. இருவரும் இளம் மகனுக்காக ஆட்சியை நடத்திய தாய்மார்கள். தாயும் பிள்ளையும் இருக்கும் படத்தைக் காப்பாற்றியவர்கள் அப்படி இரண்டு பேர் என்பதை முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 867-இல் கான்ஸ்டான்டினோப்பிளின் பெருங்கோயிலான ஹாகியா சோபியாவின் பீடத்துக்கு மேலே வளைகூரையில் பெரிய மாதா மொசைக்கைத் திறந்து வைத்தார்கள். இன்றைக்கும் அங்கே இருக்கிறது.

மேற்கில் முதலில் மரச் சுரூபங்கள்: ராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்த அம்மா, மடியில் பெரியவர் முகத்தோடு குழந்தை. அம்மாவே இங்கே சிம்மாசனம், அதனால் முகத்தில் சிரிப்பு இருக்காது. அது மெல்ல இளகுவதை இத்தாலியில் பார்க்கலாம். பிளாரன்சின் உஃபீசி காட்சியகத்தில் சிமாபூயே, தூச்சோ, ஜொத்தோ மூவரின் பெரிய மாதா படங்களும் இருக்கின்றன. ஜொத்தோவிடம் வரும்போது திடீரென்று துணிக்குள் ஓர் உடம்பு இருக்கிறது, முழங்கால் தெரிகிறது, கனம் தெரிகிறது. தூச்சோவின் இன்னொரு பெரிய படத்தை 1311 ஜூன் 9 அன்று சியேனா நகரம் கடைகளை அடைத்து, மணியடித்து, ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டுபோனது. ஓர் ஓவியம் பட்டறையிலிருந்து கோயிலுக்குப் போவதைத் தேரோட்டம் மாதிரி கொண்டாடியிருக்கிறார்கள். அதற்கு அரைநூற்றாண்டு முன், 1260-இல், பிளாரன்சோடு சண்டைக்குப் போகுமுன் ஊரையே மாதாவிடம் ஒப்படைத்திருந்தார்கள் என்பது தெரிந்தால் இது புரியும்.

நீல உடை எங்கிருந்து வந்தது என்று அடிக்கடி கேட்பார்கள். வானத்தின் நிறம், பரலோக ராணி என்பதெல்லாம் சரிதான், கூடவே விலையும் ஒரு காரணம். அந்த ஆழ்ந்த நீலத்தை ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலையில் வெட்டிய லாபிஸ் லசூலி கல்லை அரைத்து எடுத்தார்கள், கடல் தாண்டி வந்ததால் அல்ட்ராமரின் என்ற அதன் பெயரே "கடலுக்கு அப்பாலிருந்து" என்று பொருள்படும். தங்கத்தோடு போட்டிபோடும் விலை. ஓவியரோடு ஒப்பந்தம் எழுதும்போதே மாதாவின் மேலாடைக்கு எந்தத் தர நீலம் என்று எழுதிவிடுவார்கள். அம்மனுக்குப் பட்டு எடுக்கும்போது நம்மவர்கள் விலை பார்ப்பதில்லையே, அதே மனசுதான்.

ஆனால் என்னை அதிகம் உலுக்கியது ராணி மாதா இல்லை, பிணத்தை மடியில் ஏந்திய மாதா. இந்தக் காட்சி நான்கு சுவிசேஷத்திலும் கிடையாது. 1300-ஐ ஒட்டி ஜெர்மன் பேசும் நாடுகளில் மரத்தில் செதுக்க ஆரம்பித்தார்கள். சிலுவையிலிருந்து இறக்கியதற்கும் அடக்கம் செய்ததற்கும் நடுவில் அந்த அம்மா என்ன செய்திருப்பாள் என்று பெரிய வெள்ளி மாலையில் உட்கார்ந்து தியானித்தவர்களின் கேள்விக்குப் பதில் அது. பான் நகர அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்துச் சுரூபம் ஒன்று இருக்கிறது: விலாவெலும்பு துருத்திய மகன், திராட்சைக் குலை மாதிரி கட்டி நிற்கும் ரத்தம், அம்மாவின் முகத்தில் அமைதி இல்லை, ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்கிற முகம். இதைப் பார்த்த பிறகு ரோமில் மிக்கேலாஞ்சலோ 1499-இல் முடித்த பளிங்குச் சிலையைப் பாருங்கள். மகனைவிட இளமையான அம்மா, அழுகை இல்லை, இடது கை மட்டும் மெல்ல விரிந்து "இதோ" என்கிறது. இருபத்து நான்கு வயதில் செய்தது. உலகமே அதைக் கொண்டாடுகிறது, 1972-இல் ஒருவன் சுத்தியலால் அடித்து மூக்கையும் கையையும் உடைத்ததால் இப்போது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அழகில் அதற்கு ஈடில்லை. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் எதன்முன் போய் நிற்பாள் என்று கேட்டால் நான் பான் சுரூபத்தைத்தான் சொல்வேன். நம்மூரில் நெஞ்சில் வாள் பாய்ந்த வியாகுல மாதா முன்னால் பெரிய வெள்ளியன்று அழுகிறார்களே, அது இந்தச் சொந்தம்.

ஓவியர் கரவாஜியோவுக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1600-களின் தொடக்கத்தில் ரோமில் ஒரு கார்மேல் சபைக் கோயிலுக்காக மாதாவின் மரணத்தை வரைந்தார். வானதூதர் இல்லை, மேகம் இல்லை, வயிறு ஊதிய உடம்பு, வெறுங்கால், மூலையில் குனிந்து அழும் மதலேன். சபையார் மறுத்துவிட்டார்கள். ரூபன்ஸ் என்ற இன்னோர் ஓவியர் சொன்னதன்பேரில் மாந்துவா பிரபு வாங்கினார், இப்போது லூவரில் இருக்கிறது. எழவு வீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த அறை உடனே புரியும்.

சீர்திருத்தச் சபைகளைப் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு. அவர்கள் பல ஊர்களில் சுரூபங்களை அகற்றினார்கள், உடைத்தார்கள், உண்மை. ஆனால் மரியாளின் பாட்டுக்கு 1521-இல் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரே விளக்கம் எழுதியிருக்கிறார், ஒன்றுமில்லாத ஏழைப் பெண்ணைக் கடவுள் கண்ணெடுத்துப் பார்த்தார் என்ற வியப்போடு.

இனி, ஊருக்கு ஒரு முகம். மெக்சிகோவில் குவாதலூப்பே மாதா 1531-இல் ஹுவான் தியேகோ என்ற பூர்வகுடிக்குத் தோன்றியதாகப் பாரம்பரியம். மாநிறம், அவர்கள் மொழியிலேயே பேசினார் என்பது அதன் உயிர். 1810-இல் ஸ்பெயினுக்கு எதிராகக் கிளம்பிய இடால்கோ பாதிரியார் பிடித்த கொடியும் அவர்தான். போலந்தின் செஸ்டகோவா மாதாவின் கறுத்த கன்னத்தில் 1430-இல் தாக்கியவர்கள் கீறிய தழும்பு அப்படியே இருக்கிறது, பிரதி எடுக்கும்போதும் அந்தத் தழும்போடுதான் வரைவார்கள்.

தூத்துக்குடிக்கு வருவோம். பனியே விழாத, ஆகஸ்டில் உப்பளம் தகிக்கும் ஊரில் பனிமய மாதா எப்படி? ரோமில் நான் நினைவில் வைக்கச் சொன்ன அந்த மரியன்னை பேராலயத்துக்கு ஒரு கதை உண்டு: ஆகஸ்டு 5, கோடை நடுவில், எஸ்குவிலின் குன்றில் பனி விழுந்து கோயில் கட்ட வேண்டிய இடத்தைக் காட்டியதாம். இன்றும் அந்த நாளில் அங்கே கூரையிலிருந்து வெள்ளைப் பூவிதழ்களைத் தூவுகிறார்கள். அந்தப் பெயர் போர்ச்சுகீசியர் வழியாக முத்துக்குளித்துறைக்கு வந்து, பரதவர் வாயில் தஸ்நேவிஸ் மாதா ஆனது. அதே ஆகஸ்டு 5-இல்தான் இங்கேயும் திருவிழா. எபேசு முடிந்ததும் எழுந்த கோயிலுக்கும் தங்கத்தேர் ஓடும் நம்மூர்த் தெருவுக்கும் நேர்க்கோடு போட்டுவிடலாம்.

வேளாங்கண்ணியும் அப்படித்தான். மோர் விற்ற பையன், புயலில் தப்பிக் கரை சேர்ந்த போர்ச்சுகீசிய மாலுமிகள், அவர்கள் கரையேறிய நாளாகச் சொல்லும் செப்டம்பர் 8, எல்லாம் வாய்வழி வந்தவை. சேலை கட்டிய சுரூபம், முடியிறக்கும் பக்தர்களில் மதம் பார்ப்பதில்லை. ஆரோக்கிய மாதா என்ற பெயருக்குப் பின்னால் பிரார்த்தனையில் வரும் "வியாதிக்காரருக்கு ஆரோக்கியமே" என்ற வரி இருக்கிறது. அடுத்த வரி "பாவிகளுக்கு அடைக்கலமே", அதை ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவாகப் பார்க்கலாம். அங்கே இருந்த வீரமாமுனிவர் மாதாவின் துயரத்தைப் பற்றி அன்னை அழுங்கல் அந்தாதி பாடினார், கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குத் தமிழ்ப் பெண்ணின் உடையும் நகையுமாகச் சுரூபம் வைத்தார். அதை மணிலாவில் செய்வித்தார் என்று அங்கே சொல்வார்கள். இத்தாலியில் பிறந்தவர், ராபேல், மிக்கேலாஞ்சலோ நாட்டுக்காரர். அவர் நினைத்திருந்தால் ஓர் இத்தாலிய மாதாவையே கொண்டுவந்து வைத்திருக்கலாம். இங்கே இருக்கிறவர்களுக்கு அம்மா என்றால் எப்படி இருப்பாள் என்று பார்த்துச் செய்தார், அதற்காகவே அவரை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

கடைசியாக மடு. டச்சுக்காரர்கள் இலங்கையில் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், 1670-ஐ ஒட்டி, மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் தங்கள் மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். அந்தக் காட்டில்தான் பிறகு கோயில் எழுந்தது, தமிழரும் சிங்களவரும் சேர்ந்து வரும் கோயில். போர்க்காலத்தில் அதன் வளாகமே அகதி முகாமாக இருந்தது. 2008 ஏப்ரலில் சண்டை மிக அருகில் வந்தபோது குருக்கள் அந்தச் சுரூபத்தை மறுபடி எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள், ஆகஸ்டு திருவிழாவுக்குள் திரும்பக் கொண்டுவந்தார்கள். "உம்முடைய சரணமாக ஓடி வந்தோம்" என்று சொல்லிப் பழகியவர்கள், ஓட வேண்டி வந்தபோது அவரையும் தூக்கிக்கொண்டுதான் ஓடினார்கள்.